மலையில் எடுத்த அளவும் அறிக்கையில் வந்த எண்ணும்

குன்னூருக்குச் சற்றுக் கீழே உள்ள தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றின் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய குடியிருப்புக்கு ஓர் ஆய்வுக் குழு சில மாதங்கள் வந்துபோனது. லயன் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்த்தார்கள், இரத்த அழுத்தம் அளந்தார்கள், மனநிலை குறித்துக் கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார்கள், உணவு பற்றியும் மருந்து பற்றியும் ஆலோசனை சொன்னார்கள். முடிவில் ஒரு கூட்டம் கூட்டி, நல்ல பலன் கிடைத்திருப்பதாக அறிவித்தார்கள். இதற்கிடையில் ஆசிரியையின் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 12.4 என்று வந்தது. ஆய்வுக் குழு அதை இரத்தசோகை என்று குறித்தது. அந்தச் சீட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியபோது ‘ஒன்றும் குறையில்லையே’ என்றார்கள். இருவரில் யார் சொல்வது சரி, பலன் என்று இவர்கள் சொல்வதை எப்படித்தான் அளக்கிறார்கள், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்கிறார்.

நீலகிரியில் இத்தகைய கள ஆய்வுகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், அம்மாவின் விஷயத்தில் இரு தரப்பும் தத்தம் விதிப்படி சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். பலன் பற்றிய அறிவிப்பைப் பொறுத்தவரை, அந்த எண் ஆலோசனை ஏதும் இல்லாமலேயே மாறியிருக்குமா என்பதை அவர்கள் எப்படிக் கணித்தார்கள் என்று தெரியாமல் அதை நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். மற்ற எல்லா விளக்கமும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

முதலில் 12.4. கருவுறாத, வயது வந்த பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சுகாதார நிலையத்தில் பார்த்தது இந்த வரம்பைத்தான். ஆனால் இந்த வரம்பு கடல் மட்டத்தில் வாழ்பவர்களை வைத்து வகுக்கப்பட்டது. உயரம் கூடக் கூடக் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் தானாகவே, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. எனவே மலையில் இருப்பவருடைய எண்ணிலிருந்து, உயரத்துக்காகக் கூடியிருக்கும் பங்கைக் கழித்துவிட்டுத்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும். பழைய வழிகாட்டுதலின்படி 1500 மீட்டர் உயரத்தில் கழிக்க வேண்டியது 0.5, 2000 மீட்டரில் 0.8. குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அம்மாவின் 12.4-இலிருந்து 0.6 கழிந்தால் 11.8, வரம்புக்குக் கீழே, லேசான இரத்தசோகை என்ற வகையில் அது விழுகிறது. 2024-இல் வெளிவந்த புதிய வழிகாட்டுதல் இந்தக் கழிவை இன்னும் கூட்டிவிட்டது. 1500 முதல் 1999 மீட்டர் வரை 1.1 கழிக்கச் சொல்கிறது. அதன்படி அம்மாவின் எண் 11.3 ஆகிறது. அம்மாவின் இரத்தத்தில் ஒரு துளியும் மாறவில்லை. விதி மாறியதால் அவர் வரம்பிலிருந்து இன்னும் கீழே போய்விட்டார்.

நீலகிரி போன்ற மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. கூடலூர் ஆயிரம் மீட்டரை ஒட்டி இருக்கிறது, உதகமண்டலம் 2240 மீட்டரில் இருக்கிறது. உயரத்தைக் கணக்கில் எடுத்த ஆய்வும் எடுக்காத ஆய்வும் ஒரே மக்களை அளந்தாலும் இரத்தசோகை விகிதத்தில் இரு வேறு எண்களைத்தான் தரும். அப்படி இரண்டு அறிக்கைகளை ஆண்டு வரிசையில் அடுத்தடுத்து வைத்துவிட்டு, ‘இரத்தசோகை பெருகிவிட்டது’ என்றோ ‘திட்டம் வென்றுவிட்டது’ என்றோ எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அளவுகோல் நடுவில் மாறியதை அவர் கவனிக்கவில்லை.

விதி ஒருபுறம் இருக்க, துளி எடுக்கும் விதமும் எண்ணை மாற்றும். தோட்டத்தில் இரத்தம் எடுக்க வசதியான நேரம், பேர் பதியக் காலையில் மஸ்டரில் எல்லோரும் கூடும் நேரம்தான். டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்தில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். கம்பளிக்குள்ளிருந்து வெளியே வரும் விரல் சில்லென்று இருக்கும். குத்தினால் இரத்தம் எளிதில் வராது. பொறுமையில்லாத களப்பணியாளர் விரலைப் பிதுக்குவார். பிதுக்கும்போது இரத்தத்தோடு திசுக்களுக்கு இடையிலுள்ள நீரும் சேர்ந்து வந்து துளியை நீர்க்கச் செய்யும். அதை க்யூவெட் என்னும் சிறு தகட்டில் உறிஞ்சி, ஹீமோகுளோபினை அளக்கும் ஹீமோக்யூ கருவிக்குள் வைத்தால், எண் உண்மையைவிடக் குறைவாகவே வரக்கூடும். முறையாகச் செய்பவர்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொல்வார்கள், முதல் துளிகளைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள், விரலைப் பிதுக்கவே மாட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண் களப்பணியாளர் ஒருவர், ஊசியை எடுப்பதற்கு முன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டம்ளர் சூடான தேநீரைக் கொடுத்து இரண்டு நிமிடம் பிடித்திருக்கச் சொல்வார். சரியாக அளப்பது குறித்து நான் கண்ட மிகச் சிறந்த பயிற்சி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

விரல் துளிக்கும் நரம்பில் எடுக்கும் இரத்தத்துக்கும் உள்ள வேறுபாடு நாடு தழுவிய விவாதமாகவே இருந்தது. 2015-16-இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு விரல் துளியைப் பயன்படுத்தியது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58 விழுக்காட்டுக்கும் மேலானோருக்கு இரத்தசோகை என்றது. 2016-18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சோதித்தது. ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளில் 41 விழுக்காடு என்றது. வயது வரம்பு சற்று வேறு என்பது உண்மைதான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விட்டுவிட்டால் எண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளியை வயது மட்டும் விளக்கிவிடாது. ஒன்றரை ஆண்டில் நாட்டின் குழந்தைகள் இப்படித் தேறிவிட்டார்கள் என்று இரண்டையும் தெரிந்தவர் யாரும் சொல்லவில்லை.

இனி இரத்த அழுத்தம். உங்கள் குடியிருப்பில் முதல் அளவு எப்போது எடுத்தார்கள், கடைசி அளவு எப்போது எடுத்தார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. தேதியை விசாரித்துப் பாருங்கள். குளிரில் தோலுக்கடியில் உள்ள சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் கூடும்; வெயில் காலத்தில் குறையும். குளிர்காலத்தில் எல்லோருடைய சராசரியும் சற்று மேலே இருக்கும் என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி. ஜனவரி பனியில் அளந்து, ஆலோசனை சொல்லி, மே மாதம் மலர்க்கண்காட்சி நடக்கும் நாட்களில் மீண்டும் அளந்தால், ஆலோசனை ஒருவர் காதிலும் ஏறாமல் போயிருந்தாலும் சராசரி இறங்கியிருக்கும். அதே ஆய்வை மே மாதம் தொடங்கி ஜனவரியில் முடித்திருந்தால், நல்ல ஆலோசனைகூட வீண் என்று தோன்றியிருக்கும்.

இன்னொரு பொறியும் இங்கே இருக்கிறது. பெரும்பாலான திட்டங்கள், முதல் நாள் அளவில் 140-ஐத் தாண்டியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடர்கின்றன. இரத்த அழுத்தம் ஒருவருக்கே நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறக்கூடியது. அன்று காலை மேட்டில் ஏறி வந்த மூச்சிரைப்பு, வெள்ளைக் கோட்டைக் கண்ட பதற்றம், வீட்டில் நடந்த சண்டை என்று ஏதோ காரணத்தால் அன்றைக்கு மட்டும் உயர்ந்திருந்தவர்களும் அந்தப் பட்டியலில் ஏறிவிடுவார்கள். அடுத்த முறை அளக்கும்போது அவர்களில் பலர் தம் வழக்கமான அளவுக்குத் திரும்பியிருப்பார்கள். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. உச்சத்தில் இருந்தபோது பிடித்தவர்கள் இறங்குவது இயல்பு. இதனால்தான் ஒழுங்கான ஆய்வுகளில் ஒரே அமர்வில் மூன்று முறை அளந்து, முதல் அளவை விட்டுவிட்டுக் கடைசி இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள்.

பருவமும் இந்தத் திரும்புதலும் உண்டாக்கும் மயக்கத்தைப் போக்க ஒரே நம்பகமான வழி, ஆலோசனை பெறாத இன்னொரு கூட்டத்தையும் அதே நாட்களில், அதே கருவியால் அளப்பது. அவர்களிலும் அழுத்தம் அதே அளவு இறங்கியிருந்தால் ஆலோசனையால் ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் குடியிருப்பில் கூடுதலாக இறங்கியிருந்தால் அந்தக் கூடுதல்தான் பலன். எந்தக் குடியிருப்புக்கு ஆலோசனை, எதற்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வதற்கும் இதுவே காரணம். ஆய்வாளர் கையில் தேர்வு இருந்தால், பேருந்து போகும், மேஸ்திரி ஒத்துழைக்கும், ஏற்கெனவே கொஞ்சம் நன்றாக இருக்கும் தோட்டத்தைத்தான் கை தேடும். ஆளாளுக்குக் குலுக்காமல் குடியிருப்பு குடியிருப்பாகக் குலுக்குவது இங்கே பொருத்தம். ஒரே லயனில் ஒரு வீட்டுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாவிட்டாலும் தண்ணீர்க் குழாயடியில் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

எதை அளப்பது என்பதை எப்போது முடிவு செய்தார்கள் என்பது அடுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதிகம் கவனிக்காத, ஆனால் நான் முதலில் தேடும் இடம் இதுதான். ஓர் ஆய்வு இருபது விஷயங்களை அளந்தால், ஒன்றிரண்டு தற்செயலாகவே நல்ல பக்கம் சாய்ந்திருக்கும். எல்லாவற்றையும் அளந்துவிட்டு, சாய்ந்ததை மட்டும் எடுத்துக் கூட்டத்தில் அறிவித்தால் எந்தத் திட்டமும் வெற்றிதான். இதைத் தடுக்க, ஆய்வு தொடங்குமுன் முதன்மை விளைவு எது, எத்தனையாவது மாதத்தில் அதை அளப்போம், எத்தனை பேரிடம் அளப்போம் என்று பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்கும் வழக்கம் வந்தது. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் நிதி அளித்த பெரிய இதயநோய் ஆய்வுகளைக் குறித்து 2015-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. இப்படி முன்கூட்டிப் பதிவது பரவுவதற்கு முன்பு, அதாவது 2000-க்கு முன் வெளியான 30 ஆய்வுகளில் 17, சோதித்த மருந்தோ ஊட்டப்பொருளோ பயன் தந்தது என்றன. அதற்குப் பின் வந்த 25-இல் இரண்டு மட்டுமே அப்படிச் சொல்ல முடிந்தது. மருந்துகள் திடீரென்று மோசமாகிவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்வது கடினம். இந்தியாவில் 2007 முதல் இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேடு இயங்குகிறது; 2009 முதல் மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இணையத்தில் தேடிப் பார்க்கலாம். உங்கள் தோட்டத்துக்கு வந்த ஆய்வு அதில் இருந்தால், அறிவித்த பலனும் பதிவில் எழுதிய முதன்மை விளைவும் ஒன்றுதானா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளந்த பொருளே சரியானதா என்ற கேள்வியும் உண்டு. மக்களுக்கு வேண்டியது நோயில்லாமல் நீண்ட நாள் வாழ்வது. ஆய்வுக்கு எளிது ஓர் எண்ணை மாற்றுவது. அந்த எண் வாழ்வுக்குப் பதிலியாக நிற்கிறது. பதிலி சில வேளை ஏமாற்றிவிடும் என்பதற்கு மருத்துவ உலகம் மறக்காத சான்று, மாரடைப்பு வந்தவர்களின் ஒழுங்கற்ற இதயத் துடிப்பை அடக்கும் மருந்துகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு. துடிப்பு ஒழுங்கானது, ஈசிஜி நன்றாக வந்தது, ஆகவே இறப்பும் குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1991-இல் வெளியான முழுக் கணக்கில், ஏறத்தாழ 750 பேர் வீதம் இருந்த இரு குழுக்களில், மருந்து உண்டவர்களில் 63 பேரும் வெற்று மாத்திரை உண்டவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள். அளந்த எண் மேம்பட்டது, மனிதர்கள் போய்விட்டார்கள்.

இரத்த அழுத்தம் அந்த அளவு மோசமான பதிலி அன்று. அதைக் குறைத்தால் பக்கவாதம் குறையும் என்பதற்கு வலுவான ஆதாரங்கள் உண்டு. ஆனால் அங்கேயும் யாரையெல்லாம் மொத்தமாக வைத்து விழுக்காடு போட்டார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது என்றது. தனக்கு அழுத்தம் இருப்பதே தெரியாதவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். மருந்து உண்பவர்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் எண் பெரிதாகிவிடும், படம் அழகாகிவிடும். மக்களைத் தேடி மருத்துவம் போன்ற வீட்டு வாசல் திட்டத்தை எடைபோட, முதல் வகைக் கணக்குதான் உதவும். ஏனெனில் அத்திட்டத்தின் நோக்கமே மருத்துவமனைக்கு வராதவர்களை எட்டுவது.

சில எண்களில் எந்தத் திசை நல்லது என்பதையே இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கூடலூர்ப் பகுதி ஆதிவாசி மக்களுக்காக 1992 முதல் ஒரு சமூக மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடந்துவந்தது. அதை ஆராய்ந்தவர்கள் பார்த்த விளைவு, காப்பீடு உள்ள குடும்பங்கள் மருத்துவமனையில் கூடுதலாகச் சேர்கின்றனவா என்பது. கூடுதலாகவே சேர்ந்தார்கள்; அதை அவர்கள் வெற்றியாகக் கருதினார்கள். நகரத்து நீரிழிவுத் திட்டம் ஒன்றில் இதே எண் கூடினால் தோல்வி என்று எழுதுவார்கள். பணத்துக்குப் பயந்து பிரசவத்தையும் காய்ச்சலையும் குடிசையிலேயே கழித்த மக்கள் மருத்துவமனைப் படியேறுவது என்பது வேறு செய்தி. அதற்காக, படியேறியதே நலம் என்றும் முடித்துவிடக் கூடாது. 2005-இல் ஜனனி சுரக்ஷா திட்டம் வந்தபின் நாடெங்கும் மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகின. ஆனால் அதே வேகத்தில் தாய், சேய் இறப்பும் இறங்கியதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

பதிலியை நம்பாமல், வேண்டிய விளைவையே நேராக அளந்த ஆய்வுகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர், கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்து பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். அளந்தது பிறந்த 28 நாட்களுக்குள் நிகழும் இறப்பை. பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டு, மூன்றாம் ஆண்டில் அது 62 விழுக்காடு குறைந்திருந்ததை 1999-இல் வெளியிட்டார்கள். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ரேஷன்ஸ் ஆய்வு 2800 காசநோயாளிகளின் குடும்பங்களில், பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்தது. ஒரு பிரிவுக் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அளந்தது எடை கூடியதா என்பதை மட்டும் அன்று. வீட்டில் புதிதாக யாருக்குக் காசநோய் வந்தது என்பதை. அது 39 விழுக்காடு குறைந்தது. நுரையீரல் வழி பரவும் வகை மட்டும் 48 விழுக்காடு. அரிசியும் பருப்பும் இப்படி ஒரு மருந்துபோல் எடைபோடப்பட்டதை நான் வேறெங்கும் இத்தனை தெளிவாகக் கண்டதில்லை.

இவ்வளவு நேரான விளைவை நம் மலையில் ஏன் எல்லோரும் அளப்பதில்லை என்றால், இங்கே தலைகள் குறைவு. ஆண்டுக்கு 40 குழந்தைகள் பிறக்கும் ஒரு சிறு பழங்குடிச் சமூகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். சிசு மரண விகிதம் என்பது ஆயிரம் பிறப்புக்கு, ஒரு வயது நிறையுமுன் எத்தனை இறப்பு என்பது. 40 பிறப்பில் ஓர் இறப்பு நிகழ்ந்தால் அந்த விகிதம் 25, இரண்டு நிகழ்ந்தால் 50, எதுவும் நிகழாவிட்டால் பூஜ்யம். 2020-இல் தமிழ்நாட்டின் விகிதம் 13. அந்த எண்ணை இச்சமூகம் ஒற்றை ஆண்டில் தொடவே முடியாது. அவர்களுடைய உண்மையான அபாயம் மாநிலத்துக்குச் சமமாக இருந்தாலும், பத்தில் ஆறு ஆண்டுகளில் ஓர் இறப்பும் இராது. மற்ற ஆண்டுகளில் திடீரென்று மாநிலத்தைப் போல் இருமடங்கு என்று செய்தி வரும். பல ஆண்டுகளைச் சேர்த்துத்தான் ஏதாவது சொல்ல முடியும். ஒவ்வோர் இறப்பையும் வீட்டாரிடம் உட்கார்ந்து விசாரித்து எழுதும் வாய்மொழி விசாரணை அங்கே விழுக்காட்டைவிட அதிகம் கற்றுத்தரும். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘இத்தனை முதல் இத்தனை வரை’ என்று போட்டிருக்கும் நம்பக இடைவெளி மிக அகலமாக இருந்தால், எண்ணிக்கை போதவில்லை என்று பொருள்.

மனநிலைக் கேள்விகளுக்கு வருகிறேன். பெரும்பாலும் உங்களிடம் கேட்டது பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகளாக இருக்கும். கடந்த இரண்டு வாரங்களில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 27, பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்று குறிப்பார்கள். அதில் ஒரு கேள்வி தூக்கம் பற்றியது, ஒன்று களைப்பு பற்றியது, ஒன்று பசி பற்றியது. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்து, எடை போடும் இடத்துக்குக் கொழுந்து மூட்டையைச் சுமந்து வந்த ஒரு பெண்ணிடம் மாலையில் போய் ‘களைப்பாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘தினமும்தான்’ என்பார். முழங்கால் வலியில் தூக்கம் கெடுவதும் தினமும்தான். இரத்தசோகையில் பசி மந்தமாவதும் தினமும்தான். மூன்றும் சேர்ந்து ஒன்பது மதிப்பெண். மனம் நொந்ததாக ஒரு சொல்லும் சொல்லாமலேயே அவர் வரம்புக்கு ஒன்று குறைவாக நிற்கிறார். பின்னர் இரும்புச்சத்து மாத்திரையால் களைப்புத் தீர்ந்து மதிப்பெண் ஆறாக இறங்கினால், அறிக்கை அதை மனநலம் மேம்பட்டதாக எழுதிவிடும். நடந்தது நல்லதுதான், ஆனால் எழுதிய பெயர் தவறு.

மொழியும் சேர்ந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. படுகர் ஊரான ஹட்டியில் படுக மொழி, தோடர் குடியிருப்பான மந்தில் தோதவ மொழி, பந்தலூர்ப் பக்கம் பணியர் பேச்சும் மலையாளமும், தாயகம் திரும்பியோர் குடியிருப்பில் இலங்கை மலையகத் தமிழ். சென்னையில் அச்சிட்ட கேள்வித்தாளில் ‘நம்பிக்கையின்மை’ என்று இருப்பதை இவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ‘மனசு பாரமா கெடக்கு’, ‘ஒண்ணும் ஓடல’ என்பார்கள். ஒழுங்கான ஆய்வில், மொழிபெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்க்கச் செய்து ஒப்பிடுவார்கள்; பிறகு இருபது முப்பது பேரிடம் கேட்டு, ‘இந்தக் கேள்வியில் என்ன கேட்கிறோம் என்று நினைத்தீர்கள்’ என்று விசாரிப்பார்கள். இதைச் செய்தோம் என்று அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் நான் அந்தப் பகுதியை வேகமாகப் புரட்டிவிடுவேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில மாதங்கள் வீடு தேடி வந்து அன்பாகப் பேசிய பிள்ளைகளிடம் கடைசி நாளில் ‘எனக்கு ஒன்றும் சரியாகவில்லை’ என்று சொல்ல நம் மக்களுக்கு மனம் வராது. அதனால்தான் இறுதி அளவை, ஆலோசனை சொன்னவர்களே எடுக்காமல், எந்தக் குடியிருப்பு எந்தக் குழு என்று அறியாத வேறு ஆட்களை விட்டு எடுக்கச் சொல்வது.

கடைசி அளவில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். நம் தோட்டங்களிலிருந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். நோய் முற்றியவர்களோ உறவினர் வீட்டிலோ மருத்துவமனையிலோ இருப்பார்கள். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர் முதியவர் அல்லது கைக்குழந்தைக்காரி. தொடக்கத்தில் 200 பேர், முடிவில் 140 பேர் என்றால், அந்த 60 பேரின் தொடக்க எண்கள் மற்றவர்களைப் போலத்தான் இருந்தனவா என்று ஓர் அட்டவணை இருக்க வேண்டும். நோய் முற்றியவர்கள் விட்டுப்போனாலே சராசரி மேம்பட்டதுபோல் தோன்றிவிடும்.

ஆகவே குழுவினர் மறுபடி வரும்போது முழு அறிக்கையின் ஒரு படியைக் கேளுங்கள்; தருவதற்கு அவர்கள் தயங்கக் கூடாது, அளந்தது உங்கள் உடம்பை. இரு முறையும் அளந்த தேதிகள், ஒப்பிட்ட குடியிருப்பு, பதிவேட்டு எண், விட்டுப்போனவர்களின் தொகை ஆகிய நான்கும் அதில் இருந்தால், கூட்டத்தில் சொன்ன பலனை நீங்களே எடைபோட்டுவிடலாம். ஒப்பிட்ட குடியிருப்பே இல்லை என்றால், சொன்னது கெட்ட செய்தியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது இன்னும் பலன் என்ற பெயருக்கு வரவில்லை.

அம்மாவைப் பொறுத்தவரை, ஊருக்கான கணக்கெடுப்பில் உயரத் திருத்தம் செய்வது சரி. ஆனால் விரல் துளியில் வந்த ஒற்றை எண்ணை வைத்து ஒரு தனி மனிதருக்கு நோய் என்று முத்திரை குத்துவதும் சரியில்லை, நலம் என்று அனுப்பிவிடுவதும் சரியில்லை. நரம்பில் இரத்தம் எடுத்து ஒரு முழு இரத்தப் பரிசோதனையும், முடிந்தால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்து பாருங்கள். இரும்பு போதுமான அளவு இருந்தும் எண் தாழ்ந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். இந்தியாவில் அரிவாள் செல் இரத்த மரபு, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரைக் குறைபாடு, முதன்முதலில் 1952-இல் பதிவானவற்றுள் ஒன்று இதே நீலகிரியின் பழங்குடி மக்களிடையேதான், அதற்கு இரும்பு மாத்திரை மருந்தில்லை. சோதனைக்குப் போகும்போது ஆய்வுக் குழு தந்த சீட்டில், குன்னூர் 1850 மீட்டர் என்று பேனாவால் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் கொடுங்கள்.